யாரோ ஒருவர் மடியில் என் நாவல்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: நான் ஒரு மடையன். சாதாரண மடையனாக இருந்தாலும் பரவாயில்லை, படித்த மடையன். பத்திரிகையின் இந்தப் பகுதிக்கு எழுதுகிறவர்கள் எல்லாரும் முன்பின் தெரியாத ஒருவருடைய நல்ல மனதைப் பார்த்துக் கண்கலங்கியதாக எழுதுகிறார்கள். நானும் அப்படி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அந்த மனதைப் பார்ப்பதற்கு முன்னால், அந்த மனிதரைக் கொலைகாரன் என்று முடிவுகட்டி, அவருடைய பையைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, கதவுக்கு நாற்காலியை முட்டுக்கொடுத்துத் தூங்கியவன் நான். அதை மறைத்துவிட்டு மற்றதைச் சொன்னால் கதை பாதிதான்.

நடந்தது போன வருட அடைமழைக் காலத்தில், ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், பதுளையிலிருந்து மடுல்சீமைக்குப் போகிற பஸ்ஸில். எனக்குச் சொந்த ஊர் ஹல்துமுல்லைப் பக்கம். மடுல்சீமையில் ஒரு தோட்டப் பாடசாலையில் கணக்கு மாஸ்டராக இருக்கிறேன். பஜாருக்குப் பக்கத்தில் ஓர் அக்கா வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். அன்றைக்குப் பதுளைக்குப் போனது ஒரு பார்சலை எடுத்து வர. அந்தப் பார்சல் என் பெயருக்கு மடுல்சீமைத் தபாலில் வந்துவிடக் கூடாது என்பதற்காகவே, டவுனில் போன் திருத்தும் கடை வைத்திருக்கிற கூட்டாளியின் விலாசத்தைக் கொடுத்திருந்தேன்.

உள்ளே இருந்தது ஒரு நாவல். இங்கேதான் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. ஆனால் பெயர் போடாமல் எழுதுவதில் இருக்கிற சுகமே இதுதானே. எனக்கு ஆணும் ஆணும் காதலிக்கிற நாவல்கள் மேல் பைத்தியம். அதிலும் இரண்டு நல்ல பையன்கள் ஒரே குடைக்குள் நனைந்துகொண்டு காதலிக்கிற கதை எனக்குச் சரிவராது. இருட்டான கதை வேண்டும். ஒருவன் ஆள் கடத்துகிறவனாக இருக்க வேண்டும். மற்றவன் அவனுக்குக் கொஞ்சமும் சளைக்காத கள்ளனாக இருக்க வேண்டும். நல்லவன் என்று கும்பிடவும் முடியாது, கெட்டவன் என்று துப்பவும் முடியாது, அப்படிப்பட்ட ஆட்கள்.

ஏன் என்று கேட்டால், வகுப்பில் ஒரு விடை சரி, இல்லாவிட்டால் பிழை. நடுவில் ஒன்றும் கிடையாது. நாள் முழுக்கச் சரியும் பிழையுமாகக் கோடு போட்டுவிட்டு வருகிறவனுக்கு, சரியும் பிழையும் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு நடமாடுகிற கதைதான் ஆறுதல். இன்னொன்று, அந்த நாவல்களில் கடத்துவார்கள், மிரட்டுவார்கள், கட்டிப்போடுவார்கள், ஆனால் ஒருவன்கூட "எப்ப தம்பி கல்யாணச் சாப்பாடு?" என்று கேட்க மாட்டான். சாதகம் கேட்க மாட்டான். கடைசியில், ஒருவனுடைய மோசமான பக்கம் எல்லாவற்றையும் பார்த்து முடித்த பிறகும் இன்னொருவன் எழுந்து போகாமல் அங்கேயே உட்கார்ந்திருப்பான். அந்தப் பக்கத்தை மட்டும் நான் இரண்டு தடவை வாசிப்பேன். என்னைப் பற்றி இப்போது நீங்கள் ஒன்றை ஊகிப்பீர்கள். ஊகித்துக்கொள்ளுங்கள், நான் உதவி செய்யப்போவதில்லை.

பின்னட்டைச் சுருக்கத்தின்படி, அன்றைக்குக் கையில் கிடைத்த நாவலில் ஒரு டொக்டர் தன் காதலனைக் காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று ஒரு தீவு வீட்டில் பூட்டி வைக்கிறான். பூட்டப்பட்டவனும் லேசுப்பட்டவன் இல்லை, டொக்டருடைய சாப்பாட்டில் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக விஷம் கலக்கிறான். இடையில் இருவருக்கும் காதல் வேறு முற்றுகிறது. அட்டையிலோ சட்டைப் பொத்தான் போடாத இரண்டு ஆண்கள், ஒருவன் கையில் கத்தி. இதை வைத்துக்கொண்டு நான் எப்படி மடுல்சீமை பஸ்ஸில் ஏறுவது? கூட்டாளியின் கடையிலேயே பழைய காலண்டர் தாளைக் கிழித்து அட்டை போட்டேன். தடித்த பேனையால் "உயர்தரக் கணிதம்" என்று எழுதினேன். பிறகு பஸ் நிலையத்தில் நின்றபடி சில பக்கங்கள் வாசித்து, வரும்போது எடுத்த பஸ் டிக்கட்டை அடையாளத்துக்கு வைத்து, பைக்குள் போட்டு சிப்பை இழுத்து மூடினேன். கறுப்புத் தோள் பை. பதுளை நடைபாதையில் விற்கிறதே, அதேதான். ஊவா மாகாணத்தில் பாதி ஆம்பிளைகளின் தோளில் அதுதான் தொங்குகிறது.

அப்படி ஒரு புத்தகத்தைச் சுமந்துகொண்டு போகும்போது உலகத்தில் எல்லாருமே பொலிஸ் மாதிரித் தெரிவார்கள். கச்சான் கடலை விற்கிறவன் என் பையைப் பார்த்தான். ஒரு பிள்ளைத்தாய்ச்சி என் பையைப் பார்த்தாள். பஸ்ஸுக்குள் ஏறினால் நிற்கக்கூட இடம் இல்லை.

மலைநாட்டு பஸ்ஸில் போகிறவர்களுக்குத் தெரியும், நிற்கிறவன் பையைச் சுமக்கத் தேவையில்லை. உட்கார்ந்திருக்கிறவர் கேட்காமலேயே கையை நீட்டுவார், நாம் பையைக் கொடுத்துவிட வேண்டும். கொடுக்காவிட்டால்தான் சந்தேகப்படுவார்கள். எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவரும் கையை நீட்டினார். அவரைப் பார்த்ததுமே எனக்குள் ஏதோ மணி அடித்தது. ஐம்பதுக்குக் கிட்ட வயது. கறுப்பு ஜாக்கெட். புருவத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு பழைய தழும்பு. இரண்டு காலுக்கும் நடுவில் சாக்கால் மூடிய ஏதோ ஒரு கேன். கொண்டக்டர் அதை ஓரமாகத் தள்ளப் போனபோது, தலையைக்கூட நிமிர்த்தாமல், "அதைத் தொடாதேங்கோ" என்றார். கொண்டக்டர் கையை நெருப்பில் வைத்தவன் மாதிரி எடுத்துக்கொண்டான். குண்டு வெடித்த காலத்தில் நம் நாட்டில் பிறந்து வளர்ந்தவனுக்கு, பஸ்ஸில் ஒருவர் ஒரு சாமானைத் தொட வேண்டாம் என்று சொன்னால் என்ன நினைவு வருமோ அது எனக்கும் வந்தது. கூடவே இன்னொரு நினைவும் வந்தது: நான் வாசித்த நாவல்களில் எல்லாம் முதல் அத்தியாயத்தில் வருகிற ஆள் இவர்தான்.

என் பை, அவர் மடியில் இருந்த அவருடைய பையின்மேல் போனது. அதன்மேல் ஒரு மரக்கறிப் பை. அதன்மேல் யாருடையதோ குடை. பசறை தாண்டும் வரை நான் அவர் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன், சிப்பைத் திறக்கிறாரா என்று. திறக்கவில்லை. மடுல்சீமை பஜாரில் மழை கொட்டியது, எல்லாரும் ஒரேயடியாக முண்டியடித்தார்கள். அவர் மடியில் இருந்த குவியலிலிருந்து ஒரு கறுப்புப் பையை இழுத்தேன், குதித்தேன், ஓடினேன்.

அறைக்கு வந்து தலையைத் துவட்டி, அக்கா கொடுத்த தேத்தண்ணியோடு கட்டிலில் சாய்ந்து, ஆசையாகச் சிப்பைத் திறந்தேன். நாவல் இல்லை. முதலில் வந்தது ஒரு கையுறை. வந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது. தோள்மூட்டு வரைக்கும் நீளமான, கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் கையுறை. ஒன்றிரண்டு இல்லை, ஒரு கட்டு. பிறகு ஒரு முழத்துக்கு மேல் நீளமான மெல்லிய இரும்புக் குழாய். கத்தரிக்கோல். இடுக்கி. பஞ்சு. பெயர் ஒட்டாத ஒரு போத்தலில் வழவழப்பான ஏதோ ஒன்று. கடைசியில் நைலோன் கயிறு, நல்ல மொத்தமான கயிறு.

நீங்களாக இருந்தால் என்ன நினைத்திருப்பீர்களோ தெரியாது. நான் படித்தவனல்லவா, உடனே விஷயம் விளங்கிவிட்டது. தோள் வரை கையுறை எதற்கு? இரத்தம் சட்டையில் படாமல் இருக்க. கயிறு எதற்கு? அதைக் கேட்கவே வேண்டாம். அந்த இரும்புக் குழாய் எதற்கு என்று மட்டும் நான் வாசித்த எந்த நாவலிலும் சொல்லியிருக்கவில்லை. அதனால் அதைக் கண்டுதான் இன்னும் கூடுதலாகப் பயந்தேன். எல்லாவற்றையும் திரும்ப அடைத்துக் கட்டிலுக்கடியில் தள்ளினேன். கயிற்றை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டேன். கதவின் பூட்டு ஆட்டம் காணும். அந்தக் கயிற்றால் கதவுக் கைப்பிடியையும் கட்டில் காலையும் சேர்த்துக் கட்டினேன். கொலைகாரனுடைய கயிற்றாலேயே கொலைகாரனுக்குக் கதவை அடைத்த கெட்டித்தனத்தை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

இத்தனை நாளும் இருட்டான ஆட்களை எவ்வளவு ரசித்திருக்கிறேன்! ஒருவன் நேரில் பையை மாற்றிக்கொண்டு போனதும் விளக்கை அணைக்காமலேயே படுத்தேன். அதைவிடப் பெரிய பயம் இன்னொன்று. கொலைகாரனோ இல்லையோ, அவர் கையில் இப்போது என் நாவல் இருக்கிறது. காலண்டர் தாளை உரித்தால் போதும்.

மறுநாள் கொண்டக்டருக்குப் போன் எடுத்தேன்.

"பை மாறிருச்சா சேர்? உள்ள என்னா இருந்துச்சு?"

"கணக்குப் புத்தகம்."

"அதுக்கா இம்புட்டுப் பதர்றீங்க? கணக்குப் புத்தகத்த எவன் சேர் வச்சுக்குவான்? எடுத்தவனே பயந்துபோய்க் கொண்டாந்து போட்டுருவான்."

"எனக்கு முன்னால இருந்த அந்தத் தழும்புக்காரர் யாரு?"

"அவரா? புது ஆளு சேர். யாழ்ப்பாணப் பக்கம் போல. வாயே தொறக்க மாட்டாரு. ஆனா நெதம் ஒரு தோட்டம், ஒரு லயம்னு போய்க்கிட்டே இருக்காராம். எதுக்குன்னு தெரியல."

நெதம் ஒரு லயம். என்னிடம் படிக்கிற பிள்ளைகளுடைய தாய் தகப்பன்மார் எல்லாரும் அந்த லயங்களில், தோட்டத்து வரிசை வீடுகளில்தான் இருக்கிறார்கள். ஒரு வீட்டில், ஒரேயொரு வீட்டில், "உங்கட கணக்கு மாஸ்டர் வாசிக்கிற புத்தகத்தைப் பாத்தீங்களா?" என்று அவர் கேட்டுவிட்டால் போதும். ஊரில் கூட்டம் கூடி, அதிபருக்கு மனுப் போய், நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஹல்துமுல்லை பஸ் ஏற வேண்டியதுதான். அங்கே போனாலும் அம்மாவுக்கு என்ன சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு பயங்கரமான கதறல் கேட்டு எழும்பினேன். கயிற்றை அவிழ்த்து, நாற்காலியை நகர்த்தி, எட்டிப் பார்த்தால் அக்காவுடைய மாடு. அக்காவுக்கு ஒரே ஒரு மாடுதான். மாட்டுக்கும் எனக்கும் உள்ள உறவு தேத்தண்ணியோடு முடிந்தது என்பதால், அது ஏன் கத்துகிறது என்று எனக்கு விளங்கவில்லை.

"என்னாக்கா, மாட்டுக்கு நோய் வருத்தமா?"

"வருத்தமில்ல மாஸ்டர் தம்பி, பருவத்துக்குக் கத்துது. இன்னிக்கு விட்டா இன்னும் மூணு வாரம் காத்துக் கெடக்கணும். ரெண்டு வாட்டி ஊசி போட்டும் சினை நிக்கல. இந்த வாட்டியும் தப்பிருச்சுன்னா கறிக்கடைக்குக் குடுத்துருவேன்னு அந்த மனுசன் மொனராகலையில இருந்துக்கிட்டுப் போன்லயே கத்துறாரு." அந்த மனுசன் என்றால் அக்காவின் புருசன், கரும்பு லொறி ஓட்டுகிறவர்.

"அப்ப ஊசி போடுறவரைக் கூப்பிடுங்களேன்."

"கூப்புட்டேன். பழைய ஐயா பென்சன் வாங்கிட்டுப் போயிட்டாரு. இப்ப வந்திருக்கிறது யாழ்ப்பாணத்தாளு. அவரு சாமான் பைய எவனோ பஸ்ஸுல தூக்கிட்டுப் போயிட்டானாம். கட்டையில போறவன்! அத வச்சுக்கிட்டு அவன் என்னா செய்யப் போறான்? கைக்கு இம்புட்டு நீளத்துல உறை" என்று அக்கா தன் தோளைத் தொட்டுக் காட்டினாள். "ஒரு இரும்புக் குழாயி. உறையவச்ச சினை மருந்துக் கேன் மட்டும் அவருகிட்ட இருக்காம். கேனை வச்சு என்னா செய்யிறது?"

வாயில் இருந்த தேத்தண்ணியை நான் விழுங்கினேனா துப்பினேனா என்று ஞாபகமில்லை. கொலைகாரன் மாட்டு ஐயாவாகிவிட்டார். கட்டையில் போகிறவன் நானாகிவிட்டேன். சரி, கொலை ஒன்றும் நடக்கவில்லை என்று மனம் ஆறியிருக்க வேண்டுமே? இல்லை. அடுத்த சந்தேகம் உடனே வந்து உட்கார்ந்துகொண்டது.

"அக்கா, அவரு பைக்குப் பதிலா வேற ஒரு பை கெடச்சதுன்னு ஏதும் சொன்னாரா?"

"வேற பையா? அப்பிடி ஒண்ணும் சொல்லலயே. தன்னோட பை போச்சுன்னு மட்டுந்தான் சொன்னாரு. ஏன் தம்பி?"

"இல்ல, சும்மா."

சும்மாவா? அவர் கையில் என் பை இருக்கிறது. சாதாரண மனிதன் என்ன சொல்வான்? "என் பை போய், இன்னொருவர் பை வந்துவிட்டது, உள்ளே இன்ன புத்தகம் இருக்கிறது" என்றல்லவா சொல்வான்? இவர் ஏன் மறைக்கிறார்? காலண்டர் தாளை உரித்திருக்கிறார், வாசித்திருக்கிறார், என்னைப் பிடித்துவைக்க அதைப் பத்திரப்படுத்தியிருக்கிறார். பஸ் நிலையத்தில் வாசித்த பக்கங்களில் அந்த டொக்டரும் இப்படித்தான் கடிதம் எதையும் எரிக்காமல் அலமாரியில் வைத்திருப்பான். பையோடு நான் போய் முன்னால் நின்றால், புத்தகத்துக்குச் சொந்தக்காரன் யார் என்று நானே காட்டிக்கொடுத்ததாகிவிடும். போகாவிட்டால் அவருக்கு ஆள் யாரென்று உறுதியாகத் தெரியப்போவதில்லை. புத்தகத்தில் என் பெயர் இல்லை.

ஆகவே ஒரு திட்டம் போட்டேன். பையைக் குடைக்குள் மறைத்துக்கொண்டு பின்பக்கமாகப் போய், பஸ் தரிப்பிடத்து வாங்குப் பலகையில் வைத்துவிட்டு வந்துவிடுவது. யாராவது பார்ப்பார்கள், அவரிடம் சேர்ப்பார்கள். இன்றைக்கே சேருமா? சேர்ந்தால் சேரட்டும், சேராவிட்டால் மாட்டின் விதி. நல்லவன் என்றும் சொல்ல முடியாமல் கெட்டவன் என்றும் சொல்ல முடியாமல் நடுவில் நிற்கிற ஆட்களை வருடக்கணக்காக ரசித்த நான், அன்றைக்கு முதல் தடவையாக அப்படி ஒருவனாகக் குடையும் பையுமாகக் கொல்லைப்பக்கம் நின்றேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள், அது கொஞ்சமும் கவர்ச்சியாக இல்லை. கால் ஈரம், மூக்கில் சளி.

கொல்லைப்பக்க வழி மாட்டுப்பட்டியைத் தாண்டித்தான் போகிறது. அக்கா உள்ளே மாட்டின் கழுத்தைச் சொறிந்துகொண்டு அதனிடம் பேசிக்கொண்டிருந்தாள். நான் வந்ததைக் கவனிக்கவில்லை. "கத்தாத புள்ள. நான் என்னா செய்ய? இனி என் கையில ஒண்ணுமில்ல" என்றாள். எங்கள் அக்கா வாய்க்கு மடுல்சீமையே நடுங்கும். அந்தக் குரலை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை.

"அக்கா" என்றேன். "அந்தக் கட்டையில போறவன் நான்தான்."

அக்கா திரும்பினாள். பையைப் பார்த்தாள், வெளியே நீட்டிக்கொண்டிருந்த கையுறையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "நீங்களா? இத வச்சு நீங்க என்னா மாஸ்டர் தம்பி செய்யப் போனீங்க?" அந்தக் கேள்வியைக் கேட்ட விதத்தை என்னால் எழுத முடியாது.

"பை மாறிருச்சுக்கா! என் பை அவருகிட்ட."

"உங்க பையில என்னா?"

"கணக்குப் புத்தகம்" என்றேன். எத்தனையாவது தடவையோ.

அக்கா அங்கேயே போனை எடுத்தாள். "ஐயா, திருடன் ஆப்ட்டுக்கிட்டான். எங்க வீட்டு மாஸ்டருதான்!" பஜார் வரைக்கும் கேட்டிருக்கும்.

அரை மணித்தியாலத்தில் அவர் முச்சக்கர வண்டியில் வந்து இறங்கினார். அதே ஜாக்கெட், அதே தழும்பு, ஒரு கையில் சாக்கு மூடிய கேன், மறு தோளில் என் பை. என்னைப் பார்த்துச் சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. அவருடைய பையை வாங்கி ஒவ்வொரு சாமானாகத் தொட்டுப் பார்த்தார்.

"கயிறு?"

ஓடிப்போய்க் கதவுக் கைப்பிடியிலிருந்து அவிழ்த்துக்கொண்டு வந்து கொடுத்தேன். கயிற்றில் நான் போட்ட முடிச்சுகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஒவ்வொன்றாக அவிழ்த்தார். பிறகு என் பையைக் கழற்றி நீட்டினார்.

நான் கை நீட்டுவதற்கு முன்னால் அக்கா வாங்கிவிட்டாள். "இதுலயா மாஸ்டரோட புஸ்தகம் இருக்கு? கொஞ்சம் பாப்பமே. நம்ம சின்னவளுக்கும் கணக்கு மண்டையில ஏற மாட்டேங்குது. நல்ல புஸ்தகம்னா ஒண்ணு வாங்கிக் குடுக்கலாம்." சிப் பாதி திறந்துவிட்டது. காலண்டர் தாளின் ஓரம் தெரிகிறது. அந்த ஒரு கணத்தில் வேலை, அறை, அம்மா, ஹல்துமுல்லை எல்லாமே அக்காவுடைய இரண்டு விரலுக்கு நடுவில் இருந்தன.

"அது உங்கட பிள்ளைக்குச் சரிவராது" என்றார் அவர், கேனின் மூடியைத் திறந்தபடியே. வெள்ளை ஆவி குபுகுபு என்று எழுந்தது. "கொஞ்சம் கஷ்டமான கணக்கு. நீங்கள் போய்ச் சுடுதண்ணியும் சவுக்காரமும் கொண்டு வாங்கோ. கெதியா."

அக்கா பையை என் நெஞ்சில் திணித்துவிட்டு அடுப்படிக்கு ஓடினாள்.

நான் பையைத் திறந்து பார்த்தேன். காலண்டர் அட்டை நான் போட்டதைவிட அழகாக மடித்துப் போடப்பட்டிருந்தது. மழைக்குப் பாதுகாப்பாகப் புத்தகத்தைச் சுற்றி ஒரு சிலிசிலி பிளாஸ்டிக் பை. என் பஸ் டிக்கட் கடைசிப் பக்கத்தில் இருந்தது.

சந்தேகப்பட இனி ஒன்றும் மிச்சமில்லை. இருந்தாலும் பழக்கதோஷத்தில் ஒரு பொய் சொன்னேன். "அது என்னோடது இல்ல சேர், கூட்டாளி ஒருத்தனோடது."

அவர் கையுறையை மாட்டிக்கொண்டிருந்தார். மாட்டின் பின்னால் போய் நின்றார். கயிற்றை என்னிடம் கொடுத்து மாட்டைப் பிடிக்கச் சொன்னார். தோள்மூட்டு வரை கையுறை எதற்கு என்று அப்போது கண்ணாலேயே கண்டேன்; விவரம் வேண்டாம்.

"முடிவு எனக்குப் பிடிக்கேல்ல" என்றார்.

"எது சேர்?"

"கதையின்ர முடிவு. பூட்டி வைச்சவனை மற்றவன் மன்னிச்சது பிழை."

முழங்கை வரைக்கும் மாட்டுக்குள் கையை விட்டிருக்கிற ஒருவரோடு நாவல் விமர்சனம் பேசுவேன் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. நான் முடிவை இன்னும் வாசிக்கவே இல்லை என்பதுகூட அப்போது மறந்துவிட்டது. பயமும் மறந்துவிட்டது. ரோசம் வந்தது. "அப்பிடிச் சொல்ல ஏலாது சேர். அவனும்தானே சாப்பாட்டுல விஷம் வச்சான்?"

அவர் கொஞ்சம் யோசித்தார். கை உள்ளேயே இருந்தது.

"அந்த அளவு விஷம் காணாது" என்றார்.

அக்கா சுடுதண்ணியோடு வந்ததும் பேச்சு நின்றது. வேலையை முடித்து, கை கழுவி, மாட்டின் நெற்றியை ஒருமுறை தடவினார். தேத்தண்ணி குடிக்கச் சொன்னபோது வேண்டாம் என்றார். இன்னொரு வீட்டில் மாடு காத்திருக்கிறதாம்.

அந்த மாடு சினை பிடித்தது. கிடாரிக் கன்று. இப்போது அது கொடியில் காய்கிற என் சட்டைகளைச் சப்பிக்கொண்டிருக்கிறது. அக்கா ஊரெல்லாம் என்னை "பைக்களவாணி மாஸ்டர்" என்று சொல்லிச் சிரிக்கிறாள்; அதற்குமேல் சொல்ல அவளுக்கு ஒன்றும் தெரியாது. அவர் இன்றைக்கும் நெதம் ஒரு லயமாகப் போகிறார், என் வகுப்புப் பிள்ளைகளின் வீடுகளுக்கும் போகிறார். ஒரு வீட்டிலிருந்தும் ஒரு சொல்லும் திரும்பி வரவில்லை. என் பை தன்னிடம் இருப்பதை அவர் ஏன் அக்காவிடம் சொல்லவில்லை என்பது எனக்கு வெகு காலம் கழித்துத்தான் உறைத்தது. சொன்னால், உள்ளே என்ன இருக்கிறது என்று அடுத்த கேள்வி வரும். தன்னுடைய சாமான் இல்லாமல் வேலை கெட்டுக் கிடந்தபோதும், யாரென்றே தெரியாத ஒருவனுடைய புத்தகத்தை யாருக்கும் காட்டாமல் வைத்திருந்திருக்கிறார். நானோ அவருடைய கையுறையை வைத்து அவருக்குத் தூக்குத்தண்டனையே கொடுத்துவிட்டேன். இருட்டு மனிதர்களைப் பற்றி இத்தனை வாசித்தும், எதிரில் உட்கார்ந்திருப்பவரின் முகத்தை வாசிக்க எனக்கு இன்னும் வரவில்லை என்பதுதான் நான் அதில் கண்டது. நாவல்களை நிறுத்திவிட்டேனா என்று கேட்காதீர்கள். போன கிழமையும் ஒன்று வந்தது.

அன்றைக்கு அவர் முச்சக்கர வண்டியில் ஏறப் போனபோது நான் பின்னாலேயே ஓடினேன். நன்றி சொல்லத்தான் நினைத்தேன். வாயில் வந்தது வேறு. "சேர், இந்த மாதிரிப் புத்தகம் வாசிக்கிற என்னையப் பத்தி நீங்க என்னா நினைக்கிறீங்க?"

கேனைக் காலுக்கு நடுவில் பத்திரமாக வைத்துக்கொண்டு அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"தம்பி, நான் மாடு பாக்க வந்தனான்."